மூன்றாம் நாள் எழுதாத அக்கி

என் கணவருக்கு அக்கி வந்தபோது நான் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, பாவம், விவரம் தெரியாத ஜனங்கள் என்று யாரும் என்னை மன்னித்துவிடக் கூடாது. எனக்கு விவரம் தெரியும். நரம்புச் செல்லின் படத்தைப் பேசிக்கொண்டே கரும்பலகையில் வரைவேன். இருபத்திரண்டு வருஷமாக அதே படம்தான்.

பாபநாசத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில், வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவள் வெளிநாட்டில் இருக்கிறாள். வீட்டில் நானும் அவரும்தான். அவருக்கு விவசாயம், எனக்குப் பள்ளிக்கூடம். ஆனி மாதம் இரண்டு பேருக்குமே தலைக்கு மேல் வேலை. எனக்குப் பள்ளி திறந்த நேரம், அவருக்குக் குறுவை நடவு. காலையில் அவர் வயலுக்குப் போகும்போது நான் குளித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் நான் வரும்போது அவர் வயலில் இருப்பார். சண்டை போடக்கூட நேரம் கிடைக்காத வாரங்கள் அவை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "இங்க என்னமோ எரியுது, பாரு" என்று இடது மார்புக்குக் கீழே காட்டினார். சிவந்த தோலில் பாசிப்பருப்பு அளவில் கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளங்கள். முதுகைத் திருப்பிப் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழேயும் இருந்தது. முதுகிலிருந்து மார்பு வரைக்கும் பாதி இடுப்புக்கயிறு கட்டியது போல ஒரு பட்டை.

"அக்கிங்க இது" என்றேன்.

"அக்கியா? அப்ப எழுதிக்கிட்டாப் போச்சு" என்றார்.

நான் சரி என்றேன். அந்தச் 'சரி'யைத்தான் அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கும் மேலாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் மண்பானை செய்பவரிடம் போவார்கள். அவர் காவிக்கல்லை உரைத்துக் குழம்பாக்கி, இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றி எழுதுவார். சிங்கம் போல ஓர் உருவத்தை வரைந்து புண்ணுக்குக் காவல் வைப்பார். மூன்று நாள் எழுத வேண்டும். அதுவரை அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது. எனக்கே சின்ன வயதில் கழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆறிப்போனது. எழுதாமல் விட்டிருந்தாலும் ஆறியிருக்கும் என்பது எனக்குப் பிற்பாடு படித்துத் தெரிந்த விஷயம். அக்கி பெரும்பாலும் தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும் நோய். அதனால் எழுதினவருக்கு எப்போதும் வெற்றிதான். நானும் அந்த வெற்றியை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நடவு நேரம், பள்ளி திறந்த நேரம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். எழுதிக்கொள்ள அரை மணி நேரம் போதும். அவ்வளவுதான் என் கணக்கு.

எழுதுபவர் ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம் என்றார். ஞாயிறும் திங்களும் எழுதினார். முதல் நாள் நானும் கூட நின்றேன். காவி பட்டதும் "ஜில்லுன்னு இருக்குப்பா" என்று இவர் கண்ணை மூடிக்கொண்டார். எழுதிக்கொண்டிருந்தவர், "முதுகுல உள்ளது முத்திப் போயிருக்கே" என்றார். நான் மறுநாள் எடுக்க வேண்டிய பாடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் வாய் திறக்கவில்லை.

திங்கள் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. வலி வேறு மாதிரி ஆகிவிட்டது. எரிச்சல் என்று சொன்னவர், "யாரோ ஊசிய வச்சிக் குத்திக் குத்தி இழுக்குறாங்க" என்றார். செவ்வாய்க்கிழமை மூன்றாவது எழுத்துக்குப் புறப்பட்டவரைத் தடுத்து, பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நர்ஸம்மா பஞ்சை நனைத்து, சிங்கத்தை வாலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். "மூணாவது எழுத்து பாக்கி இருக்கும்மா" என்று இவர் கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா என் மகள் வயதுதான் இருப்பார். இவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாகக் கேட்டார்.

"எப்ப வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமை."

விரல் விட்டு எண்ணினார். "கொப்புளம் தெரிஞ்சு மூணு நாளைக்குள்ள வந்திருந்தீங்கன்னா மாத்திரை நல்லாக் கேட்டிருக்கும். இப்பவும் தரேன். ஆனா ஒரு சிலருக்குப் புண்ணு ஆறினப்புறமும் வலி போகாமத் தங்கிடும். அது வராதுன்னு நம்புவோம்." அப்புறம் காவிச் சாயம் ஏறிய பஞ்சைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"டீச்சர்" என்றேன்.

"என்ன சப்ஜெக்ட்?"

"தமிழ்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யாரும் கேட்க வேண்டாம். வாயில் வந்துவிட்டது. ஒரு விலங்கியல் ஆசிரியை தன் புருஷனின் முதுகில் சிங்கம் எழுத வைத்துவிட்டு ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கிறாள் என்பதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த மூன்று நாள் விஷயத்தையும் இவரிடம் சொல்லவில்லை. சமயம் வரும்போது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

புண் ஒரு மாதத்தில் ஆறியது. வலி ஆறவில்லை.

ஆடி பிறந்து காற்று அடிக்க ஆரம்பித்ததும்தான் எங்களுக்கு என்ன வந்திருக்கிறது என்று விளங்கியது. காற்று பட்டால் அவருக்கு வலித்தது. அடித்தால், குத்தினால் யாருக்கும் வலிக்கும். காற்று பட்டு ஒரு மனுஷன் துடிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. சட்டை போட முடியவில்லை. துண்டு தோளில் கிடந்தால் அதன் ஓரம் உரசி, வெந்நீர் கொட்டியது போலக் கத்தினார். நெருப்பாகக் காயும் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வெற்று உடம்போடு நடு அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இடது கையை உடம்பில் ஒட்டாமல், கக்கத்தில் ஒரு பானையை இடுக்கியிருப்பவர் போலத் தள்ளியே வைத்திருப்பார். அப்படியே வயலுக்கும் போனார். வரப்பில் நின்றபடியே மடை திறக்கச் சொல்வார், உரம் போடச் சொல்வார். குனிய மாட்டார். ஆடிப் பதினெட்டுக்கு நான் மட்டும் ஆற்றங்கரைக்குப் போய் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவர் கேட்கவில்லை.

எனக்கு அந்த வலி எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிந்ததுதான் பெரிய கொடுமை. சின்ன வயதில் அவருக்கு அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, அம்மா இறங்கிவிட்டாள் என்று கும்பிட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்தக் கிருமி எங்கேயும் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டி நரம்புகள் முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாற்பது ஐம்பது வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும். உடம்பு அசந்த ஒரு சமயத்தில் எழுந்து, நரம்பு வழியாகவே நடந்து தோலுக்கு வரும். வருகிற வழியெல்லாம் நாசம். அறுந்த நரம்பு சும்மா இருப்பதில்லை. யாரும் தொடாமலே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு முதுகுத்தண்டில் உள்ள செல்கள் மிரண்டுபோய், அப்புறம் எது வந்தாலும் வலி என்றே மேலே சொல்லும். துணி பட்டதா, வலி. காற்று பட்டதா, வலி.

இதையெல்லாம் டாக்டரம்மா எனக்கு விளக்கினார். மாதம் ஒருமுறை போவோம். "டீச்சர், உங்களுக்குப் புரியுற மாதிரி தமிழ்லயே சொல்றேன்" என்று ஒரு காகிதத்தில் நரம்புச் செல்லை வரைவார். ஆக்ஸானை மேலும் கீழுமாக, கோணல்மாணலாக. நான் கைகட்டிக்கொண்டு கேட்பேன். அப்படியா என்பேன். முதல் தடவை அதைக் கேட்டபோது பக்கத்தில் இருந்த இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும், "நீ எப்பலேர்ந்து தமிழ் டீச்சர் ஆன?" என்றார்.

"டாக்டர்கிட்ட தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா அவங்க சரியா சொல்ல மாட்டாங்க. அதான்" என்றேன்.

சிரித்தார். சிரித்ததில் விலா அசைந்து, அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் அவரைத் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினேன், "தொடாத, தொடாத" என்றார். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவரைத் தொட முடியாத ஒரு கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியாமல் பையில் மாத்திரையை எண்ணுவது போல நடித்தேன்.

அவர் மட்டும் வேறொரு கணக்கு வைத்திருந்தார். மூன்றாவது நாள் எழுதாமல் விட்டதால்தான் வலி போகாமல் தங்கிவிட்டது என்பது அவர் கட்சி. யார் விசாரிக்க வந்தாலும் அதைத்தான் சொல்வார். "ரெண்டு நாள் எழுதினோம், நல்லாத்தான் கேட்டுச்சு. மூணாவது எழுத்து எழுத விடாம டீச்சர் இழுத்துட்டுப் போயிட்டாங்க." வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் காப்பி எடுத்துவர உள்ளே போய்விடுவேன். எழுதியதுதான் தப்பு என்று எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டது தப்பு என்று அவருக்குத் தெரியும். ஒரே மூன்று நாளை இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தோம். எப்படி இழுத்தாலும் குற்றவாளி நான்தான். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவது, செய்த தப்பைச் சொல்வதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்த வருஷம் வகுப்பில் நரம்பு மண்டலம் எடுத்தேன். பாதிப் படத்தில் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், அறுந்துபோன நரம்பு திரும்ப வளருமா?" என்று கேட்டாள். வளரும் என்றேன். மூளையிலும் தண்டுவடத்திலும் லேசில் வளராது, கை கால் உடம்புக்குப் போகும் நரம்புகள் வளரும், அதுவும் மெல்ல, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல என்றேன். "அப்ப சரியாயிடுமா மிஸ்?" என்றாள். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று சிடுசிடுத்துவிட்டு அழிப்பானை எடுத்தேன். அவள் கேட்டதில் என்ன தப்பு இருக்கிறது? மத்தியானம் ஆசிரியர் அறைக்குப் போகாமல் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த ஒரு மில்லிமீட்டரைத்தான் அவருக்கும் மருந்தாகக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எதிரே உட்கார்ந்து, புதிதாகத் தூர் வாரிய வாய்க்காலில் தண்ணீர் வருவது போல நரம்பு முதுகிலிருந்து முளைத்து முன்னால் வரும் என்று சொன்னேன்.

"தூர் வாருறது யாரு?" என்றார். விவசாயிக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும்.

"உள்ளேயே அதுக்கு ஆள் இருக்குங்க. செத்துப்போன நரம்பையெல்லாம் தின்னு தீத்துட்டு, புது நரம்பு வர்றதுக்கு வழி பண்ணி வைக்கும்."

"ஒடம்புக்குள்ளயாவது நேரத்துக்கு ஆள் கெடைக்கிறாங்களே" என்றார்.

அதிலிருந்து எங்களுக்குள் அது ஒரு பேச்சாகிவிட்டது. காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, "கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?" என்று கேட்பேன். கடைமடை என்றால் மார்புக்கு நடுவே, பட்டையின் கடைசி. "இன்னும் தலைமடையே நனையல" என்பார். சில நாள் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நான் ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. கிருமி நரம்பின் வாலை மட்டும் தின்றிருந்தால்தான் அது திரும்ப வளரும். அந்த முடிச்சுக்குள் இருக்கும் செல்லையே கொன்றிருந்தால், ஆறே வற்றின பிறகு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். எத்தனை செத்தது, எத்தனை பிழைத்தது என்று உள்ளே போய் எட்டிப் பார்க்க எந்த டாக்டராலும் முடியாது.

நரம்பை அமைதிப்படுத்த மாத்திரை கொடுத்தார்கள். அது நரம்போடு மனுஷனையும் சேர்த்து அமைதிப்படுத்தியது. சாப்பிட்டுக்கொண்டே தூங்கினார். அப்புறம் மிளகாய்க் காரத்தில் செய்த ஒரு களிம்பு. "எரியுற எடத்துல மொளகாயா? உங்க டாக்டரம்மாவுக்கு என் மேல என்ன கோவம்?" என்றார். வலியைச் சொல்லும் நரம்பு நுனியைக் கத்தவிட்டுக் கத்தவிட்டு, தொண்டை கட்டிப்போகச் செய்கிற வைத்தியம் அது. பத்து நாள் அவர் கத்தினார். நரம்பு கத்தியதா என்று தெரியவில்லை.

கடைசியாகத் துணி வைத்தியம். தொட்டால் வலி என்று கற்றுக்கொண்ட மூளைக்கு, தொட்டால் தொடுதல்தான் என்று திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. முதலில் பஞ்சு, பிறகு பட்டு, பிறகு நைந்த வேட்டி, பிறகு துண்டு. நோயாளி தன் கையாலேயே தடவ வேண்டும். அடுத்தவர் கை எப்போது படும் என்று தெரியாததால் உடம்பு மிரளும். பட்டுக்கு எங்கே போவது? என் கூறைப்புடவையை எடுத்துக்கொடுத்தேன். தினமும் மத்தியானம், முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் எனக்குப் போர்த்திய அந்தப் புடவையின் முந்தானையால் தன் விலாவைத் தானே தடவிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு நான். முதுகுக்கு அவர் கை எட்டாது. நான் செய்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "வேணாம். அத அப்படியே விட்டுடு" என்றார்.

ஒரு நாள், "இந்த எடத்த அப்படியே வெட்டி எடுத்துடச் சொல்லேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களையெடுக்கச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ, "உங்களுக்கு மட்டுந்தான் வலியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது வாயைவிட்டுப் போன பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று புரிந்தது. அன்றைக்கு மூன்று நாள் கதையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் மறுபடி முழுங்கினேன்.

இரண்டாவது ஆடி முதல் ஆடியைவிடப் பரவாயில்லை. நான்கு நாள் நன்றாக இருப்பார், ஐந்தாம் நாள் பழையபடி சுருண்டு உட்கார்ந்துவிடுவார். ஏன் நன்றாக இருந்தது, ஏன் திரும்ப வந்தது, எதற்கும் காரணம் தெரியாது. சாப்பாட்டை மாற்றிப் பார்த்தோம். மாத்திரை நேரத்தை மாற்றிப் பார்த்தோம். நல்ல நாளன்று நான் என்ன சமைத்தேன், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார் என்றெல்லாம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அறிவியல் படித்தவள் செய்கிற காரியமா அது?

மூன்றாவது ஆடியில் ஒரு சனிக்கிழமை. களத்துமேட்டுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். காற்று மரத்தை வளைத்துக்கொண்டிருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். இடது தோளில் துண்டு கிடந்தது. காற்றில் அதன் முனை விலாவில் பட்டுப் பட்டு அடித்தது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். நான் தூக்குவாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். கூப்பிட்டால் ஞாபகம் வந்து வலித்துவிடுமோ என்று பயம். எப்போது அந்தத் துண்டு தோளுக்கு வந்தது? நேற்றா, போன வாரமா? தினமும் தண்ணீர் வந்ததா என்று கேட்டவளுக்கு, வந்த நாள் தெரியவில்லை.

அந்த மாதம் டாக்டரம்மாவிடம் போனோம். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். எதனால் சரியாயிற்று என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

"நரம்பு வளந்திருக்கலாம். தண்டுவடம் அடங்கியிருக்கலாம். மேல மூளையிலேர்ந்து போதும் நிறுத்துன்னு சொல்ற நரம்புங்க மறுபடி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கலாம். இல்ல, மிச்சம் இருந்த நரம்பும் ஓய்ஞ்சு போயிருக்கலாம். ஒரு ஊரு அமைதியா இருக்குன்னா சண்டை தீந்திருக்கலாம், இல்ல ஊரே காலியாகியிருக்கலாம் டீச்சர். வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவரைக் கேட்டால் மிளகாய்க் களிம்பு என்பார். அவர் அக்காவைக் கேட்டால், தான் வேண்டிக்கொண்ட முடி காணிக்கை என்பார். எனக்கு அந்தப் பானைக்காரர் நினைவுக்கு வந்தார். தானாக ஆறுகிறபோது பக்கத்தில் எது இருந்ததோ அதற்குப் பெயர் போகிறது. அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம். நல்ல மழை. பக்கத்து வயல்காரர் வந்து காப்பி குடித்துவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இவர் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "இப்பத் தேவலாம். அன்னைக்கே மூணாவது எழுத்தும் எழுதியிருந்தா ரெண்டு வருஷம் இந்தப் பாடு பட்டிருக்க வேணாம்" என்றார். எத்தனையாவது தடவை என்று எனக்குக் கணக்கில்லை. வந்தவர் குடையை விரித்துக்கொண்டு படி இறங்கும்வரை பொறுத்தேன்.

"எழுதாம விட்டதால இல்லங்க. எழுதப் போனதாலதான்" என்றேன். "மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லாக் கேட்டிருக்கும்னு டாக்டரம்மா அன்னைக்கே எங்கிட்ட சொன்னாங்க. நாந்தான் உங்ககிட்ட சொல்லல. நீங்க எழுதிக்கிட்டாப் போச்சுன்னு சொன்னப்ப, வேணாம்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அதான் தமிழ் டீச்சரா?" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையை ஆட்டினேன்.

"எதுலேர்ந்து மூணு நாளு?"

"கொப்புளம் தெரிஞ்சதுலேர்ந்து."

கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். மறுபடி முதலிலிருந்து தொட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"முதுகுல திங்கக்கெழமையே இருந்துச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்தத் திங்கள் என்று கேட்டேன்.

"நாத்துப் பறிக்க ஆள் வந்த அன்னைக்கு. நீ வெள்ளிக்கெழம பாத்தது முன்பக்கம் வந்தது. பின்னாடி அதுக்கு நாலு நாள் முந்தியே வந்துடுச்சு. ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு நெனச்சேன். நெருப்பா எரிஞ்சப்ப உங்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன். சொன்னா நீ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவ. நடவு ஆள் கெடைக்கிறதே குதிரைக் கொம்பா இருக்கு. நடவு முடியட்டும்னு இருந்தேன்." சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, "வெள்ளிக்கெழம எழுதிக்கிறதுக்கு நீ சரின்னு சொன்னப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு" என்றார்.

முத்திப் போயிருக்கே என்று பானைக்காரர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை காலை அவரைக் குளித்த ஈரத்தோடு தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் மூன்று நாள் தாண்டித்தான் போயிருக்கும். அந்தச் 'சரி'யால் எதுவும் கெடவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நான் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பார். அவர் திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் எதுவுமே சொல்ல வேண்டி இருந்திருக்காது. ஆளுக்கொரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து, தண்ணீர் வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை.

"எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். தோள்பட்டைக்குக் கீழே, அவர் கை எட்டாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தழும்பு. அந்த இடத்தைக் காற்று தொட்டது, துணி தொட்டது, மழைச் சாரல்கூடத் தொட்டிருக்கும். நான் மட்டும் இதுவரை தொட்டதில்லை. கேட்காமலே கையை வைத்தேன். முழு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினேன். அவர் துள்ளவில்லை. பல்லைக் கடிக்கவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. மெல்லத் தடவினேன். என் வளையல்கள் ஒன்றோடொன்று பட்டுச் சத்தம் போட்டன. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்தது. கண்ணீரைத் துடைக்கக்கூட அந்தக் கையை எடுக்க மனம் வரவில்லை.

"வலிக்கலையா?" என்றேன்.

"இல்ல. ஏன் பயந்துக்கிட்டே நிக்கிற?" என்று ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "இப்ப ஒண்ணும் பண்ணாது. கைய வச்சுத்தான் பாரேன்."

என் கை அங்கேதான் இருந்தது.